நீ ரத்து செய்த அஜந்தா

அன்புள்ள என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் இன்றைக்குக் கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், செம்பூர் ஆபீசில் உட்கார்ந்தபடியே நீ என் டிக்கெட்டை ரத்து செய்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் என் கூட்டாளி மைமூனுக்கும் அஜந்தாவுக்கு இறங்கவேண்டிய ஜல்காவ் வரைக்கும் இரண்டு டிக்கெட், உன் பெண்டாட்டி கவிதா ஆசையாகப் போட்டுக்கொடுத்தது. உன் போன் நம்பரில் போட்டதால் மெசேஜ் உனக்கு வந்தது, வந்த கையோடு டிக்கெட்டை அழித்துவிட்டாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே, பால் பாக்கெட் வாங்க மறந்துவிட்டது என்று சொல்வது மாதிரிச் சொன்னாய்: “யம்மா, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். காலிபீலி எதுக்கு?” வெட்டியாக எதற்கு என்று.

அஜந்தாவுக்கு எதற்கு என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நீயே பேசி முடித்துவிட்டாய். “அங்க என்ன இருக்கு சொல்லு. கோயிலா, குளமா? குகைக்குள்ள பழைய பெயிண்ட். யூட்யூப்ல பத்து நிமிசத்துல பாத்துரலாம். ரெண்டு வயசானவுக தனியா போயி எங்கயாவது விழுந்து கெடந்தா நான்தான ஓடணும்? எம் பொண்ணு குட்டிய மூணு நாள் யாரு பாப்பா?” பிறகு பெரிய மனசு பண்ணி, “மே மாசம் ஊர்க் கோயில் கொடைக்கு ஏசி கோச்சுல கூட்டிட்டுப் போறேன்,” என்றாய். அடுப்படியில் கவிதா கரண்டியை ஓங்கி வைத்த சத்தம் உனக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. நான் “ஏம்ல, என்ட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?” என்றேன். அதற்கு நீ ஒரு பதில் சொன்னாய். அந்தப் பதிலை இப்போது எழுதமாட்டேன், அதற்கு வர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. என் வாயை அடைத்தது அதுதான். அன்றைக்கு வாய் அடைத்ததால்தான் இன்றைக்கு இத்தனை பக்கம்.

வீட்டுச் சண்டையை மாட்டுங்கா வாசகசாலையின் ஆண்டு மலருக்குக் கொடுப்பதா என்று குதிப்பாய். குதி. “குடும்பத்தப் பத்தி எதாவது எழுதிக் குடுங்கம்மா” என்று அவர்களாகத்தான் கேட்டார்கள். அங்கே வாரம் இரண்டு நாள் வருகிற பெண்களில் என்னைப்போல முலுண்டிலிருந்து வருகிறவர்கள் உண்டு, ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் மாறி வருகிறவர்களும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் உன்னைப்போல ஒரு மகன் இருக்கிறான். நல்ல மகன்கள்தான். மூட்டுவலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள், மாத்திரை தீர்வதற்கு முன்னால் வாங்கி வைப்பார்கள். அம்மாவுக்கு ஓர் ஆசை என்று காதில் விழுந்தால் மட்டும் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அது நான் செய்த தவறுகளில் ஒன்று. இங்கிலீஷ் மீடியம் போதும், தமிழைப் படித்து என்ன பண்ணப்போகிறான் என்று நானேதான் சொன்னேன். கவிதாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

எனக்குப் பொறுக்காத விஷயம் என்ன தெரியுமா? சாவுக்குப் போகிறேன் என்றால் டிக்கெட் உண்டு. கல்யாணம், பிரசவம், கொடை, எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு வேண்டுதல் என்று சொல்லியிருந்தால் நீயே தட்கலில் போட்டுக்கொடுத்திருப்பாய். மைமூனுக்கு இது நன்றாகத் தெரியும். “ஏக்கா, தர்காவுக்குப் போறோம்னு சொல்லிருவோம். ஒம்மவன் வாயத் தொறக்கமாட்டான்,” என்றாள். அவள் மாஹிமில் தன் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். (அவள் மகன்கள் யாரும் தமிழ் படிக்கமாட்டார்கள், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.) நான்தான் முடியாது என்றேன். அறுபத்தொரு வயதில், ஒரு படத்தைப் பார்க்க ஆசைப்பட்டதற்காகச் சாமியின் பெயரில் பொய் சொல்ல வேண்டுமா? ஒரு புத்தகத்தைப் படித்தேன், ஒரு படத்தைப் பார்த்தேன், அந்த இடத்துக்குப் போகத் தோன்றியது. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன காரணம் வேண்டும்?

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘பேப்பர் கம்பெனி’ என்பாய். கம்பெனியும் இல்லை, ஒன்றும் இல்லை. தாராவியில் ஒரு ரத்தி குடோன். வீட்டுக்கு வீடு எடைக்குப் போடுகிற பழைய காகிதமெல்லாம் அங்கே வந்து மலையாகக் கொட்டும். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரிப்போம். வெள்ளைத் தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், வழவழப்பான கலர் தாள் தனி, அட்டை தனி. இருபத்திரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். உன் அப்பா தோல் பட்டறையில் வெட்டு வேலை பார்த்தார், போய்ச் சேரும் வரைக்கும் அந்த வாடையோடுதான் வீட்டுக்கு வந்தார். என் மேல் காகிதத் தூசி. நீ எங்கள் இரண்டு பேரையும் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளிப்பாய்.

அந்தக் குடோனில்தான் நான் படித்தேன். மாட்டுங்கா வீடுகளிலிருந்து தமிழ் வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். கையை நிறுத்தினால் எங்களை வேலை வாங்குகிற முக்காதம் கத்துவான். “பட்னே ஆயீ ஹை க்யா?” என்பான், படிக்கவா வந்தாய் என்று. அதனால் கை பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருக்க, கண் மட்டும் ஒரு பக்கத்தில் நான்கு வரி எடுத்துக்கொள்ளப் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைமூனுக்கு எழுத்துத் தெரியாது. படித்ததை அவளுக்கு வாய்க்குள்ளேயே சொல்வேன். தொடர்கதை வரும், ஆனால் அடுத்த வாரத்து இதழ் வராது. இன்னொரு வீட்டுக் கட்டில் வேறு கதையின் நடுவாரம் வரும். முடிவு தெரிந்த கதை என்று நான் படித்தது கொஞ்சம்தான். “பொறவு என்னக்கா ஆச்சு?” என்று மைமூன் விடமாட்டாள். பிறகு என்ன ஆனது என்று நாங்களே முடித்துக்கொள்வோம். கதையில் யாராவது ரயில் ஏறிவிட்டால் போதும், நாங்களும் ஏறிவிடுவோம். எந்த வண்டி, என்ன கட்டிக்கொண்டு போவது, புளிச்சோறு எத்தனை நாள் தாங்கும், பிள்ளைகளை எவளிடம் விடுவது, எல்லாம் பேசுவோம். காகிதக் கட்டை அழுத்துகிற மிஷின்காரன் ஒரு ரேடியோ வைத்திருந்தான். ஒரு நாள் அதில் ஷெனாய் வாசித்தார்கள். மைமூன் கையை நிறுத்திவிட்டாள். “நம்ம நாதஸ்வரத்துக்குத் தங்கச்சி மாதிரில்லா இருக்கு!” என்றாள். அது காசிப் பக்கத்து வாத்தியம் என்று மிஷின்காரன் சொன்னான். அன்றைக்கே காசிக்குத் திட்டம் போட்டோம். “ஒனக்கு விடுவாவக்கா, எனக்குக் காசிக்குன்னு சொன்னா யாரு விடுவா?” என்று அவள் சிரித்த சிரிப்பில் முக்காதமே எட்டிப் பார்த்தான்.

அப்படி ஒரு கட்டில் வந்ததுதான் அந்த அஜந்தா படம். முழுப் பக்கம், வழவழப்பான தாள். கையில் தாமரை பிடித்துக்கொண்டு ஒருவர் கண்ணைத் தாழ்த்தி நிற்கிறார், உனக்கு நன்றாகத் தெரிந்த படம். அதை நான் கலர் தாள் குவியலில் போடவில்லை. முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இவ்வளவு நிம்மதியாகவும் இவ்வளவு வருத்தமாகவும் ஒரே முகம் இருக்க முடியுமா என்று தினமும் பீரோவைத் திறந்து பார்ப்பேன். அது டெல்லிக்கு அந்தப்பக்கம் எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் முக்காதம்தான் சொன்னான், அது இந்த மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது, காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்று. எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லையே! அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து இந்தி எழுத்துக் கற்றுக்கொண்டேன். டைம்டேபிள் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த ஆசைதான் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் போனோமா? நமக்கு ஆண்டுக்கு ஒரு பயணம், அது ஊர்க் கொடைக்கு. ரிசர்வேஷன் திறந்த அன்றைக்கே தாராவி ஜனம் பாதி வரிசையில் நிற்கும். கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கட்டினோமா, பொங்கலிட்டோமா, அதே வண்டியில் திரும்பினோமா என்று முப்பது வருஷம் போயிற்று. கல்யாணில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று பூனா வழியாக நம் ஊருக்கு, இன்னொன்று நாசிக் வழியாக ஜல்காவுக்கு. வருஷா வருஷம் அந்த இடத்தில் நான் ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வேன். மற்ற தண்டவாளம் வளைந்து போவதைப் பார்ப்பேன். உன் அப்பாவிடம் ஒரு தடவை சொன்னேன். “அங்க நமக்கு யாருட்டி இருக்கா?” என்று கேட்டார். யாரும் இல்லாத ஊருக்கு எதற்குப் போவது என்பது அவர் நியாயம். அவரைக் குறை சொல்லி என்ன, நானும் அதே நியாயத்தைத்தான் பிறகு பேசினேன். யாரிடம் பேசினேன் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது அதை எழுதவேண்டும். உனக்கு வரையக் கை இருந்தது. ஒரு பக்கம் அச்சடித்த ஆபீஸ் தாள்களைக் குடோனிலிருந்து கொண்டுவருவேன், மறுபக்கத்தில் நீ கப்பல் வரைவாய், பாலம் வரைவாய், பெயரில்லாத ஊர்களுக்கு ரயில் பாதை போடுவாய். பீரோக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தாமரைக்காரரை எத்தனையோ தடவை வரைந்தாய். ஒன்பதாவது படிக்கும்போது உன் டிராயிங் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். பரீட்சை முடிந்ததும் ஐந்து பிள்ளைகளை அஜந்தாவுக்குக் கூட்டிப்போகிறேன், இவனும் வரட்டும், காகிதத்தைப் பார்த்து வரைந்தது போதும், சுவரைப் பார்த்து வரையட்டும் என்றார். செலவு முழுக்கப் பள்ளிக்கூடத்தது. நான் முடியாது என்றேன். அதே வாரம் கொடை, உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நேர்ந்துகொண்ட மொட்டை பாக்கி இருக்கிறது என்றேன். மாஸ்டர் கெஞ்சினார். நீ கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். “அங்க நமக்கு யாரு இருக்கா?” என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

கொடை என்பது சாக்கு. மொட்டையை அடுத்த வருஷம் போட்டிருக்கலாம், சாமி ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்காது. உண்மை என்னவென்றால், நான் பார்க்காததை நீ பார்த்துவிட்டு வருவாய் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்பட்டேன். இதை மைமூனிடம்கூட நான் சொன்னதில்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கொடை முடிந்து வந்ததும், மழைக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று கட்டிலுக்கடியில் இருந்த உன் படங்களையெல்லாம் கட்டிக் குடோனுக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோய் அப்படியே கொட்டவும் இல்லை. உட்கார்ந்து பிரித்தேன். பென்சிலில் வரைந்ததை வெள்ளைத் தாளோடு போட்டேன், கலர் தீட்டியதைத் தனியாக எடுத்தேன். கலர் சேர்ந்தால் வெள்ளைக் கட்டு கெட்டுப்போகும், முக்காதம் திட்டுவான் என்று கை தானாகச் செய்தது. “ஏக்கா, இது புள்ள வரஞ்சதுல்லா?” என்று மைமூன் கையைப் பிடித்தாள். “எடத்த அடைக்குது,” என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாய். எங்கே என்று கேட்டாய், சொன்னேன். “சரிம்மா,” என்றாய். அழவில்லை, ஒரு தட்டைக்கூட எறியவில்லை. அதற்குப் பிறகு நீ வரையவும் இல்லை. என் பிள்ளைக்கு இந்த வயதிலேயே என்ன பொறுப்பு என்று நான் தெருவெல்லாம் பெருமை பேசினேன். முட்டாள் என்றால் என்னைப்போல முட்டாள் கிடையாது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாலென்ன என்றதற்கு நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்: “நான் கேட்டப்ப நீ விட்டியாம்மா?” சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். இருபது வருஷமாக மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். நீ ஒரு நாளும் மறக்கவில்லை.

இரண்டு நாள் அழுதேன். குட்டியைத் தூங்கவைத்துவிட்டு அழுதேன், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே அழுதேன். உன் பக்கம்தான் நியாயம், எனக்கு இது வேண்டும் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கோபம் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. நான் உனக்குச் செய்தது அநியாயம். அதனால் நீ எனக்குச் செய்வது எப்படி நியாயமாகும்? இது என்ன தலைக்கட்டு வரியா, அம்மா கட்டியதை மகனும் கட்டி, மகன் கட்டியதைப் பேத்தியும் கட்ட? என்னைத் தண்டிப்பதற்கு மைமூனின் டிக்கெட்டையும் சேர்த்தல்லவா அழித்தாய், அவள் உனக்கு என்ன பண்ணினாள்? பென்சில் தீர்ந்தால் வாங்கித் தந்தது அவள்தான்.

உன்னையும்தான் கேட்கிறேன். மத்தியானம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவர்களின் வீடியோவாகப் பார்ப்பாய் என்று கவிதா சொன்னாள். போனில் அதற்கென்று தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறாயாம். பார்த்துவிட்டு, “நமக்கெல்லாம் எங்க,” என்பாயாம். ஏன், நமக்கு என்ன? உனக்கு வேலை இருக்கிறது, காலில் பலம் இருக்கிறது, கூட வரத் துடிக்கிற பெண்டாட்டி இருக்கிறாள். ஆசையை வெறும் வேடிக்கை என்று உனக்குப் பழக்கியவள் நான்தான். அந்தப் பாடம் தப்பு என்று அதே வாயால் சொல்கிறேன். படித்ததும் பார்த்ததும் கேட்டதும் ஒரு ஆளைக் கிளப்பிவிட வேண்டும். ஒரு தெருவாவது தள்ளிப் போய்ப் பார்க்க வைக்க வேண்டும். அப்படிக் கிளம்பாமல் விட்டவர்கள்தான் பிறகு மற்றவர்களின் டிக்கெட்டை ரத்து செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அப்படி ஒருத்தியாக இருந்தேன். நீயும் ஆகிக்கொண்டிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

உன்னைப் போகவிடாதது தப்பு. படங்களைப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், மலரைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியத்தான் கேட்கிறேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். ஆனால் அபராதமாக என் அஜந்தாவைக் கேட்காதே, அதைத் தரமாட்டேன்.

நேற்றுக் காலையில் முலுண்ட் ஸ்டேஷனில் நானும் மைமூனும் ரிசர்வேஷன் வரிசையில் நின்றோம். விண்ணப்பப் பாரத்தை நானே இந்தியில் நிரப்பினேன். கவுண்டரில் இருந்தவர் பாரத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். “மாஜி, சாத் மே கோயி ஜென்ட்ஸ் நஹீ?” என்றார், கூட ஆண் துணை யாரும் இல்லையா என்று. “ஹம் தோனோ ஹை,” என்றேன், நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று. அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடித்துக்கொடுத்தார். இந்த டிக்கெட் காகிதத்தில் இருக்கிறது, உன் போனுக்கு மெசேஜ் வராது. மலர் அச்சாக இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அதனால் இதன் நகலை உன் மேஜையில் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறேன். கவிதாவுக்குத் தெரியும், வழியில் சாப்பிடச் சப்பாத்தி அவள்தான் போட்டுத் தருகிறாள். அவளுக்கும் ஆபீஸ் இருக்கிறது, ஆகையால் வெள்ளிக்கிழமை நீ லீவு போடு, நான் கிளம்பியதும் இதை மட்டும் கவிதா வாயால் சொல்லிவிடுவாள். குட்டிக்கு மத்தியானம் பருப்புச் சோறு, நெய் கொஞ்சம் கூடுதலாக ஊற்று. தூங்க அடம்பிடித்தால் ஏதாவது ஒரு கதை சொல், முடிவு தெரியவில்லை என்றால் அவளையே கேள், சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவேன். வாசலிலேயே நிறுத்தி, போட்டோ எடுத்தியாம்மா, காட்டு என்பாய். ஒன்றுகூட எடுக்கப்போவதில்லை. எப்படி இருந்துச்சு என்று கேட்பாய், அதற்கும் பதில் சொல்லமாட்டேன். மைமூனையும் மிரட்டி வைத்திருக்கிறேன், அவளும் வாயைத் திறக்கமாட்டாள். கவிதாவையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு, ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு, நீயே போய்ப் பார். பார்த்துவிட்டு வந்து நீ சொல், நான் கேட்கிறேன்.